மதர்போர்டில் ரெண்டாவது சிபியு பவர் சாக்கெட் காலியா இருக்கா? புது எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் இதைப் படிங்க!

செங்கல்பட்டில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் அலைந்து பார்ட்ஸ் எல்லாம் வாங்கி வந்தாச்சு. பிராசசர் உட்கார்ந்தாச்சு, ரேம் மாட்டியாச்சு. கடைசியாக எஸ்எம்பிஎஸ் ஒயரைச் செருகப் போகும்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. மதர்போர்டின் மேல் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு பவர் சாக்கெட். ஒன்று 8 பின், இன்னொன்று 4 பின். ஆனால் வாங்கி வந்த எஸ்எம்பிஎஸ்-ல் சிபியுவுக்கு என்று இருப்பது ஒரே ஒரு ஒயர்தான்.

கடைக்கு போன் போட்டால், "அப்படியே விட்டா போர்டு போயிடும் சார், பெரிய எஸ்எம்பிஎஸ் மாத்திக்கோங்க" என்று பதில் வரலாம். பல ஆயிரம் ரூபாய் செலவு செய்து அசெம்பிள் செய்யும் ஒரு கல்லூரி மாணவருக்கு, இது இன்னொரு நாலைந்தாயிரம் ரூபாய் வேட்டு. அந்தச் செலவு உண்மையிலேயே தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. 8 பின் சாக்கெட்டில் ஒயர் சரியாக உட்கார்ந்திருந்தால் போதும். கூடுதலாக இருக்கும் 4 பின்னோ, இரண்டாவது 8 பின்னோ காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும், வேலை செய்யும். போர்டும் போகாது. ஆனால் சில பிராசசர்களுக்கு இந்தப் பதில் மாறும். அது எங்கே மாறுகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

இந்த சாக்கெட் எப்படி வந்தது?

1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறையில் சிபியுவுக்கு என்று தனி ஒயரே கிடையாது. மதர்போர்டுக்குப் போகும் அகலமான 20 பின் ஒயர்தான் எல்லாத்துக்கும் கரன்ட் கொடுத்தது. பிராசசரும் பெரும்பாலும் 5 வோல்ட் லைனில் இருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது.

2000-ல் பென்டியம் 4 வந்தபோது கதை மாறியது. பிராசசர் கேட்கும் வாட்ஸ் ஏறியது. 5 வோல்ட்டில் அவ்வளவு வாட்ஸ் அனுப்பினால் ஒயரில் ஓடும் ஆம்பியர் எகிறும், ஒயர் சூடாகும். அதே வாட்ஸை 12 வோல்ட்டில் அனுப்பினால் ஆம்பியர் பாதிக்கும் கீழே வந்துவிடும். அதற்காக வந்ததுதான் சதுரமான 4 பின் சிபியு பிளக். ரெண்டு மஞ்சள் ஒயர், ரெண்டு கறுப்பு ஒயர். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு எர்த் மாதிரி திரும்பி வரும் வழி.

8 பின் வந்தது வீட்டு கம்ப்யூட்டரில் இருந்து அல்ல, சர்வரில் இருந்து. சர்வர் போர்டுகளில் ரெண்டு பிராசசர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு 8 பின். அதனால் அங்கே ரெண்டு 8 பின் சாக்கெட் இருப்பது ஆடம்பரம் இல்லை, அவசியம். சிறுசேரி சிப்காட் ஐடி பூங்காவில் இருக்கும் டேட்டா சென்டர்கள், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் கணக்கீட்டு வேலைகள் போன்ற இடங்களில் பிராசசர்கள் நாள் கணக்கில் முழு லோடில் ஓடும். அந்த உலகத்தின் பிளக்தான் மெதுவாக வீட்டு மதர்போர்டுக்கு இறங்கி வந்தது.

இதில் ஒரு வித்தியாசம் இருக்கு. சர்வரில் ரெண்டு சாக்கெட் ரெண்டு பிராசசருக்கு. வீட்டு போர்டில் இருப்பதோ ஒரே பிராசசர். பெரும்பாலான வீட்டு போர்டுகளில் ரெண்டு சாக்கெட்டின் 12 வோல்ட் பின்களும் போர்டுக்குள் ஒன்றாகவே இணைக்கப்பட்டிருக்கும். ஒரே தொட்டிக்கு ரெண்டு பைப் போட்ட மாதிரி. ஒரு பைப்பே போதுமான தண்ணி கொடுத்தால், ரெண்டாவது பைப்பை மூடி வைத்தாலும் தொட்டி நிரம்பும்.

அந்த ஒரு பைப் எவ்வளவு தாங்கும்?

8 பின் பிளக்கில் நாலு 12 வோல்ட் பின்கள். ஒரு பின் 7 ஆம்பியர் தாங்கும் என்று ஜாக்கிரதையாகவே வைத்துக்கொள்வோம். நல்ல தரமான பின்கள் இதைவிட அதிகம் தாங்கும். 4 பின், 7 ஆம்பியர், 12 வோல்ட். பெருக்கினால் 336 வாட்ஸ். பழைய 4 பின் பிளக் என்றால் ரெண்டு பின்தான், 168 வாட்ஸ்.

இப்போ பிராசசர் பக்கம் வருவோம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட்ஸ், 125 வாட்ஸ் என்பதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. அது அடிப்படை அளவு. முழு வேகத்தில் ஓடும்போது இன்டெல் தனியாக ஒரு அதிகபட்ச டர்போ அளவு சொல்கிறது. ஏஎம்டி பிராசசர்களிலும் பெட்டியில் உள்ள எண்ணைவிட சாக்கெட் வழியாகப் போகும் உச்ச அளவு கூடுதல்.

மதர்போர்டு 12 வோல்ட்டை சுமார் 1.2 வோல்ட்டாக இறக்கித்தான் பிராசசருக்குக் கொடுக்கிறது. விஆர்எம் எனப்படும் அந்தப் பகுதியில் ஏறத்தாழ பத்து சதவீதம் சூடாக வீணாகும் என்று வைத்துக்கொள்ளலாம். அதையும் சேர்த்துத்தான் ஒயரில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நம்ம ஊரில் அதிகம் விற்ற இன்டெல் கோர் ஐ5-12400 உச்சத்தில் 117 வாட்ஸ். வீணாவதையும் சேர்த்தால் 130. 12 வோல்ட்டில் அது 10.8 ஆம்பியர். நாலு பின்னில் பிரிந்தால் ஒரு பின்னுக்கு 2.7 ஆம்பியர். 7 தாங்கும் இடத்தில் 2.7 மட்டும்தான்!

ஏஎம்டி ரைசன் 5 7600 இன்னும் சாது. உச்சம் 88 வாட்ஸ். ஒரு பின்னுக்கு 2 ஆம்பியர்தான் வரும். இந்த மாதிரி பிராசசர் வைத்திருப்பவர் ரெண்டாவது சாக்கெட்டை மறந்தே போகலாம்.

அடுத்தது பெரிய ஆட்கள். கோர் ஐ9-14900கே, கோர் ஐ7-14700கே ரெண்டுக்குமே உச்சம் 253 வாட்ஸ். ஒயரில் சுமார் 281. ஒரே 8 பின்னில் ஓடினால் பின்னுக்கு 5.9 ஆம்பியர். 7-க்குள்தான் இருக்கிறது, ஆனால் இடைவெளி குறைந்துவிட்டது. ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட்ஸ் வரை போகும்; பின்னுக்கு 5.3 ஆம்பியர். அதாவது கம்பெனி செட்டிங்கை மாற்றாத வரை, கடையில் கிடைக்கும் பெரிய டெஸ்க்டாப் பிராசசர்களே ஒற்றை 8 பின்னில் ஓடிவிடும். இது பலருக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

அப்போ கூடுதல் ஒயர் மாட்டினால் என்ன லாபம்? சூடு குறையும். 14900கே-யில் 8 பின்னோடு 4 பின்னும் மாட்டினால் மொத்தம் ஆறு பின். ஒரு பின்னுக்கு 3.9 ஆம்பியர். பின்னில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், ஒவ்வொரு பின்னின் சூடும் பாதிக்கும் கீழே வந்துவிடும். ரெண்டு 8 பின்னும் மாட்டினால் கால் பங்குதான். அப்போது பின்னுக்கு 2.9 ஆம்பியர். அதாவது ஐ5-12400 ஒற்றை ஒயரில் அனுபவிக்கும் அதே நிம்மதி, ஐ9-க்கு ரெண்டு ஒயரில்தான் கிடைக்கிறது.

யாருக்குக் கட்டாயம் தேவை?

கணக்கு 7 ஆம்பியரைத் தாண்டும் இடத்தில்தான் பதில் மாறுகிறது. ஐ9-14900கேஎஸ் பிராசசரை இன்டெல் அனுமதிக்கும் 320 வாட்ஸ் உச்ச செட்டிங்கில் ஓட்டினால், ஒற்றை ஒயரில் ஒரு பின்னுக்கு 7.4 ஆம்பியர். ஏஎம்டியின் த்ரெட்ரிப்பர் 7980எக்ஸ், 64 கோர், 350 வாட்ஸ். ஒற்றை 8 பின்னில் பின்னுக்கு 8 ஆம்பியரைத் தாண்டிவிடும். இங்கெல்லாம் போர்டில் இருக்கும் எல்லா சிபியு சாக்கெட்டிலும் ஒயர் போட்டே ஆக வேண்டும். வொர்க்ஸ்டேஷன் போர்டுகளில் சில, எல்லா ஒயரும் மாட்டவில்லை என்றால் வேலை செய்யாது. அந்த விஷயத்தில் போர்டோடு வரும் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

ஓவர்கிளாக் செய்பவர்கள் தனி ஜாதி. 2024 மார்ச்சில் ஆசஸ் குழுவினர் திரவ ஹீலியம் ஊற்றி 14900கேஎஸ்-ஐ 9.1 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் காட்டினார்கள். போர்டில் இருக்கும் ரெண்டாவது 8 பின் அந்த மாதிரி ஆட்டத்துக்குத்தான். கேளம்பாக்கம் பிஜி ரூமில் ஜிடிஏ ஆடுபவருக்கு அது தேவைப்படாது.

கேம் ஆடும்போது பிராசசர் முழு லோடில் போவது அரிது. அங்கே அதிகம் உழைப்பது கிராபிக்ஸ் கார்டு. பிராசசரை உண்மையில் பிழிவது வேறு வேலைகள். வீடியோ ரெண்டரிங், பிளெண்டர், பெரிய புரோகிராம்களை கம்பைல் பண்ணுவது, அப்புறம் செஸ்.

ஆமா, செஸ்! மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022 ஜூலை, ஆகஸ்டில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்த பிறகு இந்தப் பக்கம் பிள்ளைகளை செஸ் வகுப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு ஸ்டாக்ஃபிஷ் என்ற பெயர் புதிது இல்லை. காசு கொடுக்காமலே கிடைக்கும் அந்த செஸ் என்ஜின், கிராபிக்ஸ் கார்டைத் தொடாது. முழுக்க சிபியுவில்தான் ஓடும். எல்லா கோரையும் கொடுத்து ராத்திரி முழுக்க ஒரு பொசிஷனை அலச விட்டால், எட்டு மணி நேரமும் பிராசசர் கிட்டத்தட்ட நூறு சதவீத லோடில் நிற்கும். பத்து நிமிஷ பெஞ்ச்மார்க்கில் சூடாகாத பிளக், விடிய விடிய ஓடும்போது சூடாகலாம். ஐ9 அல்லது ரைசன் 9 வைத்து இப்படி ஓட்டுபவர்கள், எஸ்எம்பிஎஸ்-ல் ரெண்டாவது சிபியு ஒயர் இருந்தால் சோம்பேறித்தனம் பார்க்காமல் மாட்டிவிடுவது நல்லது. ஐ5-ல் ஓட்டினால் அந்தக் கவலையும் வேண்டாம்.

மாட்டினால் ஸ்பீடு கூடுமா?

கூடாது. ஒரு எஃப்பிஎஸ் கூட ஏறாது. பிராசசர் எத்தனை வாட்ஸ் எடுக்கலாம் என்பதை முடிவு செய்வது பயாஸ் செட்டிங்தான், எத்தனை ஒயர் மாட்டியிருக்கிறது என்பது அல்ல.

சொல்லப்போனால் அந்த பயாஸ் செட்டிங்தான் கவனிக்க வேண்டிய இடம். பல மதர்போர்டுகள், முக்கியமாக விலை கூடிய இசட் வரிசை போர்டுகள், வாங்கியவுடனேயே பவர் லிமிட்டை எடுத்துவிட்டுத்தான் வரும். பெஞ்ச்மார்க்கில் நல்ல பேர் வாங்க கம்பெனிகள் செய்யும் வேலை அது. இன்டெல் 13, 14-ம் தலைமுறை பிராசசர்கள் கிராஷ் ஆகும் விவகாரம் 2024-ல் வெடித்தபோது, இன்டெல் தன்னுடைய டீஃபால்ட் செட்டிங்கைப் போடச் சொன்னது. பிராசசருக்குள் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறுவதுதான் அடிப்படைக் கோளாறு என்று சொல்லி, ஆகஸ்டில் மைக்ரோகோடு அப்டேட் விட்டது. வாரன்டியையும் ரெண்டு வருஷம் நீட்டியது. அந்தத் தலைமுறை பிராசசர் வைத்திருப்பவர்கள் ரெண்டாவது ஒயரைத் தேடுவதற்கு முன் பயாஸை அப்டேட் செய்துவிட்டு, இன்டெல் டீஃபால்ட் செட்டிங் ஆனில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அந்தக் கோளாறை எத்தனை ஒயர் மாட்டினாலும் சரி செய்ய முடியாது.

பின்னே கம்பெனிகள் எதுக்கு வைக்கிறாங்க? அந்த போர்டில் பொருந்தக்கூடிய பிராசசர்களிலேயே மிகப் பெரியதை ஒருவர் போட்டு, பயாஸில் எல்லா லிமிட்டையும் திறந்துவிட்டால்கூட பிளக் உருகக்கூடாது என்பது ஒரு நியாயமான காரணம். விற்பனை இன்னொரு காரணம். '8+4', '8+8' என்று பெட்டியில் போட்டால் போர்டு பலசாலி மாதிரி தெரியும். நடுத்தர விலை பி வரிசை போர்டுகளில் அந்த 4 பின் பெரும்பாலும் காட்சிப் பொருள் என்றே சொல்லலாம்.

உண்மையான ஆபத்து: தப்பான ஒயர்

காலி சாக்கெட்டால் போர்டு போவதில்லை. காலி சாக்கெட்டைப் பார்த்துப் பதறி, கைக்குக் கிடைத்த ஒயரை அதில் செருகுவதால்தான் போகிறது.

முதல் தவறு, கிராபிக்ஸ் கார்டு ஒயரைச் செருகுவது. அதுவும் 8 பின்தான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே மஞ்சளும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். சிபியு பிளக்கில் நாலு மஞ்சள், நாலு கறுப்பு. கிளிப் இருக்கும் பக்கம் மஞ்சள். கிராபிக்ஸ் பிளக்கில் மூணு மஞ்சள், அஞ்சு கறுப்பு. கிளிப் பக்கம் கறுப்பு. 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் எர்த் போனால் நேராக ஷார்ட். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் உடனே கட் ஆகிவிடும். மட்டமானதாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

பின்களின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக அது உள்ளே போகாது. 'டைட்டா இருக்கு' என்று அழுத்திச் செருகினால்தான் வில்லங்கம். இப்போதைய எஸ்எம்பிஎஸ்-களில் ஒயர் எல்லாமே கறுப்பாக வருவதால் கலரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிளக் பிரியும் விதத்தைப் பாருங்கள். நாலும் நாலுமாகப் பிரிந்தால் சிபியு ஒயர். ஆறும் ரெண்டுமாகப் பிரிந்தால் கிராபிக்ஸ் கார்டு ஒயர். பிளக்கின் மேலேயே பெரும்பாலும் சிபியு என்றோ பிசிஐஇ என்றோ அச்சடித்திருக்கும்.

ரெண்டாவது தவறு இதைவிட மோசம். கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள், ஒரு ஒயர் பற்றவில்லை என்று பழைய எஸ்எம்பிஎஸ்-ன் ஒயரையோ நண்பரிடம் இருந்தோ வாங்கிச் செருகுவது. மதர்போர்டு பக்கம் எல்லாருக்கும் ஒரே அமைப்பு. ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வர வேண்டும் என்பதற்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனியின் ரெண்டு மாடலுக்கு இடையில்கூட மாறும். ஒயர் அழகாகப் பொருந்தும். ஸ்விட்ச் போட்டதும் போர்டோ ஹார்ட் டிஸ்க்கோ காலி. ஹார்ட் டிஸ்க் போனால் காசு மட்டுமா போகிறது, கல்யாண போட்டோவில் இருந்து புராஜெக்ட் ரிப்போர்ட் வரைக்கும் போகும்.

மூணாவது, அடாப்டர். சாட்டா ஒயரை 8 பின் சிபியு பிளக்காக மாற்றித் தரும் சின்ன ஒயர்கள் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கின்றன. ஒரு சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூணு பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட்ஸ். அதை வைத்துக்கொண்டு பிராசசருக்குக் கரன்ட் கொடுப்பது, தோட்டத்து ஹோஸ் பைப்பில் தீயணைப்பு வண்டியை நிரப்புகிற கதை. சாக்கெட்டைக் காலியாக விடுவது இதைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

பிளக் உருகும் என்பது வெறும் பூச்சாண்டி இல்லை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டுகளின் புது 16 பின் பிளக்குகள் உருகிய படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அந்தப் பிளக்கில் 600 வாட்ஸ் ஆறு பின்களில் போகலாம். பின்னுக்கு 8.3 ஆம்பியர், அதன் தாங்கு அளவோ 9.5 தான். இடைவெளி அவ்வளவு குறைவாக இருக்கும்போது, பிளக் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் சிக்கல். சிபியு 8 பின்னில் அந்த நெருக்கடி இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். 'க்ளிக்' சத்தம் கேட்கும் வரை அழுத்த வேண்டும்.

கடற்கரை ஓரம் இருப்பவர்களுக்கு

கோவளத்தில் இருந்து கல்பாக்கம் வரை ஈசிஆர் ஓரமாக வீடு இருந்தால் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது: உப்புக் காற்று. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே அது விடவில்லை. காற்றைத் தடுக்க சவுக்கு மரங்கள் வளர்த்து, அலையைத் தடுக்கக் கல் கொட்டி, கல்லுக்குள் இறங்கிய உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுக்கும் வேலையைத் தொல்லியல் துறை செய்துவருகிறது. கருங்கல்லுக்கே அந்த நிலை என்றால், ஈயம் மாதிரி மெல்லிய வெள்ளீயப் பூச்சு பூசிய எஸ்எம்பிஎஸ் பின் எம்மாத்திரம்?

உப்பும் ஈரமும் சேர்ந்தால் பின்னின் மேல் மெல்லிய படலம் படியும். கரன்ட் போகும் வழியில் தடை கூடும். தடை கூடினால் அதே 3 ஆம்பியருக்கே அதிகம் சூடாகும். கூடுதல் ஒயர் இருந்தால் லோடு பிரிந்து கொஞ்சம் கைகொடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் காலியாக விட்ட சாக்கெட்டிலும் அதே உப்புதான் படியும். நாலு வருஷம் திறந்து கிடந்த சாக்கெட்டில் திடீரென்று ஒரு நாள் ஒயர் செருகுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பச்சை, வெள்ளை படிவு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இருந்தால் செருகாமல் சர்வீஸ் ஆளிடம் காட்டுவதே மேல்.

மற்றபடி வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் கார்டையும் பிடுங்கிவிட்டு, 8 பின் பிளக்கை ஒருமுறை கழற்றி மறுபடி செருகினால் போதும். அந்த உரசலிலேயே படலம் ஓரளவு போய்விடும். கழற்றிய பிளக்கின் வெள்ளை அல்லது கறுப்பு பிளாஸ்டிக்கில் பழுப்பு நிறமோ, பின்னைச் சுற்றி இளகிய தடமோ இருந்தால் அந்த ஒயரை இனி பயன்படுத்தக்கூடாது.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இந்த வகைப் பிளக்குகளின் ஆம்பியர் அளவே, பின் சுற்றியுள்ள காற்றைவிட 30 டிகிரி வரை சூடாகலாம் என்று வைத்துப் போட்டதுதான். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத ரூமில் 40 டிகிரி, கேபினட்டுக்குள் இன்னும் கூட. எஸ்எம்பிஎஸ் பெட்டியில் மின்னும் '80 பிளஸ்' முத்திரைக்கான சோதனை 23 டிகிரியில் நடக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டில் மே மாசம் 23 டிகிரியை யார் பார்த்தது?

உங்க கம்ப்யூட்டருக்கு எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, சினிபெஞ்ச் அல்லது நீங்கள் வழக்கமாகச் செய்யும் கனமான வேலையை அரை மணி நேரம் ஓட விடுங்கள். 'சிபியு பேக்கேஜ் பவர்' என்ற இடத்தில் வரும் அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். 200 வாட்ஸுக்குள் இருந்தால் ரெண்டாவது சாக்கெட் பற்றி யோசிக்கவே வேண்டாம். 200-க்கும் 250-க்கும் இடையில் நின்றால், எஸ்எம்பிஎஸ்-ல் ஏற்கெனவே ஒயர் இருந்தால் மாட்டுங்கள். அதற்காகப் புதுசு வாங்க வேண்டாம். 250-ஐத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் ரெண்டு ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ்-க்குப் போகலாம், இல்லையென்றால் பயாஸில் பவர் லிமிட்டைக் குறைக்கலாம். ரெண்டாவது வழிக்குக் காசு செலவில்லை. கொஞ்சம் குறைத்தால் வேகத்தில் பெரிய வித்தியாசமும் தெரியாது.

போர்டில் 8+4 இருந்து, கையில் இருப்பது நாலும் நாலுமாகப் பிரியும் ஒரே ஒயர் என்றால், அதைப் பிரித்து ஆளுக்குப் பாதி என்று பங்கு போட வேண்டாம். ரெண்டையும் சேர்த்து 8 பின்னிலேயே போடுங்கள். சில எஸ்எம்பிஎஸ்-களில் ஒரே ஒயரின் நுனியில் ரெண்டு சிபியு பிளக் தொங்கும். மாட்டலாம், தப்பில்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் எல்லாக் கரன்ட்டும் அந்த ஒரே ஒயரில்தான் வருகிறது என்பதால் முழுப் பலன் கிடைக்காது.

கம்ப்யூட்டர் ஆன் செய்ததும் ஃபேன் சுத்துது, ஆனா ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலை என்றால், அது பெரும்பாலும் ரெண்டாவது சாக்கெட் பிரச்சனை இல்லை. முதல் 8 பின்னே மாட்டாமல் விட்டிருக்கலாம், அல்லது பாதிதான் உள்ளே போயிருக்கும். கேபினட் மூலையில் கை நுழையாத இடம் என்பதால் அனுபவசாலிகளே கோட்டை விடும் இடம் இது. போர்டில் 'சிபியு' என்று எழுதிய சின்ன சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

புது எஸ்எம்பிஎஸ்-க்கு ஒதுக்க நினைத்த காசு கையில் இருந்தால், வடகிழக்குப் பருவமழையில் கரன்ட் போய்ப் போய் வரும் இந்த மாவட்டத்தில் அது ஒரு நல்ல யுபிஎஸ்-க்குப் போகட்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை. 600 விஏ என்று போட்ட சின்ன யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் கொடுக்கும். ஐ5 கம்ப்யூட்டரும் மானிட்டரும் தாராளமாக அதில் ஓடும். ஐ9-ம் பெரிய கிராபிக்ஸ் கார்டும் வைத்திருந்தால், கரன்ட் போன அந்த நொடியே யுபிஎஸ்-ம் கையை விரித்துவிடும்; அதற்கு 1000 விஏ-க்கு மேல் பார்க்க வேண்டியிருக்கும்.